தண்ணி எங்கே இறங்குது?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து டிங்கரிங் பட்டறைகளில் தினமும் காதில் விழுகிற பேச்சு இது: "அண்ணே, வண்டிக்குள்ள தண்ணி நிக்குது. எங்கேருந்து வருதுன்னே தெரியல." சொல்கிறவருடைய வண்டிக்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வயதாகியிருக்கும். பட்டறையில் சிலிக்கான் டியூபை எடுத்து முன் கண்ணாடியைச் சுற்றி ஒரு கோடு இழுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த மழையில் மறுபடியும் மேட் மிதக்கும். நல்ல வண்டிகள் இப்படித் தரை அரித்து வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருவள்ளூர்க்காரன். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். தாமரைப்பாக்கம், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று போய் நெடுஞ்சாலையைப் பிடிப்பேன். வண்டி ஒரு பழைய மிட்சுபிஷி லான்சர். அதன் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு, ஏனென்றால் அது எங்கள் ஊரில் பிறந்த வண்டி. 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சரை இங்கே கொண்டுவந்தபோது அது தயாரானது திருவள்ளூர் ஆலையில்தான். பின்னால் பஜேரோ, சீடியா எல்லாம் அங்கிருந்தே வந்தன. இன்றைக்கு அந்த ஆலையிலிருந்துதான் சிட்ரோயன் கார்கள் வெளியே வருகின்றன. இந்த ஊரில் கார் பாடியைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது, கார் ஆலையில் பாடி லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். எந்தக் கார் கம்பெனியாக இருந்தாலும் அசெம்பிளி முடிந்த வண்டியை ஷவர் டெஸ்ட் என்று ஒரு கூண்டுக்குள் விடுவார்கள். நாலா பக்கமும் நாசில்கள் தண்ணீரைப் பீய்ச்சும். வெளியே வந்ததும் ஆட்கள் உள்ளே ஏறி, கார்ப்பெட்டைத் தடவி, டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். சொட்டு தெரிந்தால் வண்டி வாசலைத் தாண்டாது. அந்த அண்ணனிடம் என் வண்டியைக் காட்டி, "எல்லா ஓட்டையையும் அடைச்சிடலாமாண்ணே?" என்று கேட்டேன். "தம்பி, கார் என்ன வாட்டர் டேங்கா? தண்ணி உள்ள வரத்தான் செய்யும். வந்த தண்ணி வெளிய போகுதான்னு மொதல்ல பாரு" என்றார்.

இதுதான் விஷயத்தின் முதுகெலும்பு. காரில் தண்ணீர் நுழையவே கூடாத இடங்கள் சில, நுழைந்து ஓடி வெளியேற வேண்டிய இடங்கள் பல. முன் கண்ணாடியில் விழும் மழை முழுவதும் வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கும். கதவுக் கண்ணாடியில் வழிகிறது கதவின் வயிற்றுக்குள்ளேயே இறங்கும். டிக்கி மூடியைச் சுற்றி ஒரு வாய்க்கால். சன்ரூஃப் இருந்தால் அதைச் சுற்றியும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிகால் வைத்திருப்பார்கள், விரல் நுழைகிற அளவுக்கோ அதைவிடச் சின்னதாகவோ. அந்த வாய் அடைபட்டால் தண்ணீர் நிரம்பித் தளும்பும். தளும்பினால் சீட்டுக்கு அடியில்தான் வந்து நிற்கும். நான் பார்த்த ஒழுகல்களில் முக்கால்வாசி இந்த ரகம்.

எங்கள் பகுதிக்கு இதில் கூடுதல் தொல்லை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ரோலிங் மில்லும் ஃபர்னஸும் அதிகம், எந்நேரமும் லாரி ஓட்டம். வண்டி மேல் படிகிற தூசியில் இரும்புத் துகளும் கலந்திருக்கும். நிழலுக்காக எல்லோரும் தூங்குமூஞ்சி மரத்தடியிலும் வேம்படியிலும்தான் வண்டியை நிறுத்துகிறோம். தூங்குமூஞ்சி இலை பொடிப்பொடியாக உதிரும். வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். கோடை முழுவதும் இலையும் தூசியும் சேர்ந்து, முதல் தூறலில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறி, கடைசியில் அடை மாதிரி இறுகிப்போகிறது.

ஆடி, ஆவணியில் சாயங்காலம் கொட்டிவிட்டுப் போகும் இடிமழையில் இது தெரியாது. இறங்கின கொஞ்சம் தண்ணீர் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அப்படி விடாது. தமிழ்நாட்டுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சராசரியாகச் சுமார் 44 செ.மீ. மழை, கரையோர மாவட்டங்கள் பலவற்றில் அதைவிடக் கணிசமாக அதிகம். புயல் வந்தால் காற்று மழையைச் சாய்த்து அடிக்கும், பீடிங்கின் இடுக்கிலெல்லாம் தண்ணீர் ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் கரையை ஒட்டியே நகர்ந்து பாபட்லா பக்கம் போய்க் கரை கடந்தபோது, வெள்ளம் எட்டாத மேட்டில் நின்ற வண்டிகளில்கூட உள்ளே குளம் கட்டியிருந்தது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? உள்ளே இருக்கிறது எந்தத் தண்ணீர் என்பதில். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்து இடத்தில், இடது பக்கம் கால் வைக்கும் தரையில் ஈரம் என்றால் மழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏசி ஓடும்போது உள்ளே இருக்கும் காயிலில் வியர்க்கிற தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்தால் அது கார்ப்பெட்டில் இறங்கும். மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஓட்டினபின் ஈரமா? வண்டிக்கு அடியில் வழக்கமாகச் சொட்டுகிற இடம் காய்ந்து கிடக்கிறதா? அப்படியானால் குழாயைச் சுத்தம் செய்தால் போதும், கண்ணாடியைத் தொடவே வேண்டாம். தொட்டால் பிசுபிசுப்பு, தித்திப்பான ஒரு வாடை, முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசின மாதிரி ஒரு படலம் என்றால் அது ஹீட்டர் காயிலிலிருந்து கசியும் கூலன்ட். அதைத் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும், என்ஜின் சூடேறிப்போகும். இந்த இரண்டும் இல்லையென்றால்தான் மழை.

அடுத்து, ஈரம் நிற்கிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. கூரையின் ஓரத்தில் நுழைந்த சொட்டு, தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கட்டைப் பிடித்துக்கொண்டு வழிந்து, காலடியில் வந்து விழும். வண்டி சாய்ந்து நின்றால் முன்னால் இறங்கிய தண்ணீர் பின்சீட்டுக்கு அடியில் சேரும். அதனால் கார்ப்பெட்டை எடுக்காமல் தேடுவது வீண். சீட்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கரண்ட் இருக்கும்போது அதில் கை வைக்கக் கூடாது. பிறகு போல்ட்டைக் கழற்றி சீட்டை வெளியே எடுத்து, கார்ப்பெட்டை மடக்கித் தூக்கி, தரைத் தகட்டைத் துணியால் ஒற்றி எடுத்து முழுக்கக் காயவிடுங்கள்.

காய்ந்த தரையில் நான் தூவுவது கோலமாவு. வீட்டு வாசலில் போடுகிற அதே கல் மாவு. மெல்லிசாகத் தூவி வைத்தால் ஒரு சொட்டு ஓடினாலும் அதன் தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். நிமிர்ந்த பக்கங்களில் அது நிற்காது. தூணிலும் பீடிங் ஓரத்திலும் முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டு ஒற்றிவிடலாம்.

பிறகு தோட்டத்துக் குழாய். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் குழாயோடு வெளியே. தண்ணீர் மெதுவாக, மழை போலவே விழ வேண்டும். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன் இதற்கு ஆகாது. மழை எந்தக் காலத்திலும் நுழையாத இடத்தில் அது நுழைத்துவிடும். சொட்டுச் சொட்டாக ஊறுகிற இடத்தை விட்டுவிடும். கீழேயிருந்து மேலே போங்கள். முதலில் கதவின் அடிப்பக்கம், அப்புறம் கண்ணாடி ஓரம், அப்புறம் வைப்பர் பள்ளம், கடைசியில்தான் கூரை. ஓரிடத்தில் பத்து நிமிடமாவது பொறுமையாக விடுங்கள். கூரையில் ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும், எது உள்ளே விட்டது என்று கடைசிவரை தெரியாது. உள்ளே இருப்பவர் "வருது!" என்று குரல் கொடுத்த இடத்தில் நிறுத்தி, சாக்பீஸால் வெளியே ஒரு குறி போடுங்கள்.

என் வண்டியில் அந்தக் குரல் வைப்பர் பள்ளத்தில் வந்தது. வைப்பர் கைகளைக் கழற்றி, கருப்புப் பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தோம். மூடி வெயிலில் மொறுமொறுத்துப் போயிருக்கும், அவசரப்பட்டால் உடையும். உள்ளே இரண்டு மூலையிலும் கருப்பாக, ஈரமாக, கை அகலத்துக்குக் கட்டி. உடைத்துப் பார்த்தால் நடுவில் முழு இலைக்காம்புகள், ஓரத்தில் துருச் சிவப்பு. கரண்டியால் சுரண்டி அள்ளி எடுத்துவிட்டு ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். அது அசையாமல் நின்றது. இன்னும் கொஞ்சம் ஊற்றினதும் ஏசி புளோயருக்குக் காற்று போகிற வாயின் விளிம்பை எட்டி உள்ளே வழிந்தது. கால் வைக்கும் இடத்தில் கோலமாவு உடனே கறுத்தது. வடிகால் வாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாக ஆட்டிக் குடைந்ததும் பள்ளத்துத் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கி, முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறாகக் கொட்டியது. சீலன்ட் ஒரு துளிகூடத் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வடிகாலைக் குத்தக் கம்பியை எடுக்காதீர்கள். ரப்பர் குழாயாக இருந்தால் கிழியும், அல்லது உள்ளேயே கழன்றுவிடும். அப்புறம் தண்ணீர் தூணுக்குள்தான் போகும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் அதே ஆபத்து. சன்ரூஃப் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கதவு வேறு கதை. கதவின் உள்பேடைக் கழற்றினால் அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். பலர் அதை என்னவோ பேக்கிங் பேப்பர் என்று நினைக்கிறார்கள். கதவுக்குள் இறங்கும் மழைக்கும் உங்கள் காலுக்கும் நடுவே இருக்கிற ஒரே தடுப்பு அதுதான். ஸ்பீக்கர் மாற்றும்போதும் பவர் விண்டோ ரிப்பேரின்போதும் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் செல்லோ டேப் ஒட்டி மூடிவிடுகிறார்கள். டேப் ஒரு மழைகூடத் தாங்காது. கதவுப் பேடின் அடிவிளிம்பில் தண்ணீர்க் கறை இருந்தால், நிலைப்படி ஓரத்தில் மட்டும் ஈரம் என்றால், முதல் சந்தேகம் இதன் மேல் விழ வேண்டும். தடிமனான பாலிதீன் ஷீட்டைப் பழைய அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றி ஒட்டினால் வேலை முடிந்தது. கருப்பாக, பிசினாக, எப்போதும் காயாமல் இருக்கும் டேப் அது. ஷீட்டின் அடி விளிம்பு கதவுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடுகிற மாதிரி உட்கார வேண்டும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். அண்டர்கோட்டிங் அடித்தவர்கள் அதையும் சேர்த்து மூடியிருப்பார்கள். கதவை ஆட்டினால் உள்ளே தளக் தளக் என்று சத்தம் கேட்கும்.

டோர் பீடிங்குக்கு எளிய சோதனை உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் பீடிங் அமர்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் செத்துவிட்டது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டியின் பீடிங் கிடைக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு கிடைக்கும். எதுவானாலும் பழைய பீடிங்கில் ஓர் அங்குலம் வெட்டிக் கையில் எடுத்துப்போய் அதன் வெட்டு முகத்தோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் தடிமன் கூடினாலும் கதவு அமராது, அடித்துச் சாத்த ஆரம்பித்து லாக்கைக் கெடுத்துவிடுவீர்கள். ஆனால் பீடிங்கை மாற்றுவதற்கு முன் கதவு தொங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் கீல் தேய்ந்து கதவே இறங்கியிருந்தால் எத்தனை ரப்பர் மாற்றினாலும் பயனில்லை.

டிக்கியில் தண்ணீர் என்றால் ஸ்டெப்னி பள்ளத்தில்தான் சேரும். அங்கே பெரும்பாலும் குற்றவாளி டெயில் லேம்ப்பின் கேஸ்கெட். நட்டைக் கழற்றி லேம்ப்பை வெளியே இழுத்தால் பொடிந்த ஸ்பாஞ்ச் கையோடு வரும். பின்பம்பரில் லேசாக இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டி என்றால் தகடு மறுபடி சேர்த்த இடங்களில் சீம் சீலன்ட் பூசியிருக்க மாட்டார்கள். பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் வெளியே பளபளக்கும், உள்ளே மயிரிழை இடுக்கு அப்படியே இருக்கும். கூரையின் நீளவாட்டு ஓரத்தில் ஓடும் கருப்புப் பட்டைக்கு அடியிலும், ஆன்டெனாவின் அடிப்பக்கத்திலும் இதே கதைதான்.

முன் கண்ணாடிக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறிக்கும் கல்லுக்குக் கண்ணாடியைப் பறிகொடுக்காத வண்டி எங்கள் பக்கத்தில் குறைவு. பேஸ்டிங் கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையில் ஒட்ட வேண்டும்; தகடு சுத்தமாக, துருவில்லாமல், பிரைமர் பூசியிருக்க வேண்டும்; பசை இறுகும்வரை வண்டி நிற்க வேண்டும். இதில் எதைச் சுருக்கினாலும் ஒழுகும். அப்போது மேலே சிலிக்கான் இழுப்பதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன வழக்கம். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் வெறும் தகட்டை அரிக்கும். அது பட்ட இடத்தில் பாலியூரித்தேனும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. நாளைக்கு ஒழுங்காகச் செய்யலாம் என்று வருகிற நல்ல தொழிலாளியின் வேலையையும் அது கெடுத்துவிடும். சிலிக்கான் வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள். கண்ணாடியில் கசிவு உறுதியானால் வெட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் பூசி மறுபடி ஒட்டுவதுதான் வழி. செலவுதான். தூண் அரித்த பின் ஆகும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை.

ஒழுகலை நிறுத்தியதோடு வேலை முடியாது. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் கனமான பஞ்சு மெத்தை லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் ஊறிக்கொண்டு வரும். அதை அப்படியே போட்டால் தரைத் தகடு உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது ஓட்டையாகத்தான் தெரியும். பல வண்டிகளில் வயர் ஜாயின்ட்டுகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. மழைக்காலத்தில் காரணமில்லாமல் வார்னிங் லைட் எரிவதும் சென்ட்ரல் லாக் தானாக அடித்துக்கொள்வதும் அங்கிருந்து கிளம்பலாம். மெத்தையைத் தனியாக எடுத்து மொட்டைமாடியில் போடுங்கள். கார்த்திகையில் வெயிலை நம்ப முடியாது என்றால் ஃபேனுக்கு அடியில் விரித்து வையுங்கள். நாற்றம் போகாவிட்டால் அது பூஞ்சை. கற்பூரமும் சென்ட்டும் அதை மறைக்கும், போக்காது. புது மெத்தை போட்டுவிடுவது உடம்புக்கும் நல்லது. துருப் பிடித்த தகட்டை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ரஸ்ட் கன்வர்ட்டர், பிரைமர், பெயின்ட் என்று முறையாகப் பூசுங்கள். வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியில் தேய்மானத்தால் வரும் சேதத்துக்கு இடமில்லை என்பதால் இதெல்லாம் நம் கைக்காசுதான்.

பழைய வண்டி வாங்கப்போகிறவர்களுக்கும் இது உதவும். 2015, 2023 சென்னை வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. விற்பவர் "சும்மா மழை ஒழுகல்தான் சார்" என்பார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். முனையில் வண்டல் கோடு இருந்தால் அது வெள்ளம். டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரமான பிராக்கெட்டுகளில் துரு, சீட்டின் இரும்புச் சட்டத்தில் சேறு என்றாலும் அப்படியே. ஒழுகல் என்றால் ஈரத்துக்கு ஒரு பக்கம் இருக்கும், ஒரு தடம் இருக்கும். ஒழுகுகிற வண்டியை விலை குறைத்து வாங்கலாம், முழுகின வண்டியைத் தொடாதீர்கள்.

மழைக்கு முன் செய்ய வேண்டியதைப் புரட்டாசியிலேயே செய்துவிடுங்கள்: வைப்பர் மூடியைக் கழற்றி அள்ளுவது, கதவு வடிகாலைத் தொட்டுப் பார்ப்பது, ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்ப்பது. தரையில் நின்ற தண்ணீரை வெளியேற்ற அடித்தட்டிலுள்ள ரப்பர் மூடிகளைக் கழற்றியிருந்தால், எல்லாம் காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு விளிம்பில் சீம் சீலன்ட் வைத்துவிடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் தேங்கிய தெருவில் போகும்போது தண்ணீர் அடியிலிருந்து ஏறும்.